எழுபத்திரண்டாம் ஆண்டின் கடைசி அவுட்

மார்லிஸ் ஜேடன் மூன்றாவது முறை தொலைபேசியில் கூப்பிட்டபோது வெர்லின் கோபெக்கி புல் வெட்டும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். படுத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. கத்தியைத் தீட்டி மாட்டி முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. சமையலறையில் மணி அடித்ததும் மறுபடி உள்ளே நுழைந்துகொண்டார், அவ்வளவுதான்.

"வண்டிக்கடியில இருக்காரு, மார்லிஸ்." ஆர்டித்தின் குரல் திறந்த ஜன்னல் வழியாக முற்றம் முழுக்கக் கேட்டது. "ஆமா, போன வாரமும் அதே வண்டிதான். வாங்கின நாள்லேர்ந்து அதுக்கு இப்படி ஒரு கவனிப்பு கிடைச்சதில்ல. நீ ஒண்ணு பண்ணு, போன் பண்ணாத. நாளைக்கு மத்தியானம் நேரா வந்துடு. நான் பிடிச்சு வெச்சிருக்கேன்."

வெர்லின் கண்ணை மூடிக்கொண்டார். அறுபத்தேழு வயதில் மனைவியிடம் அகப்பட்டுக்கொள்வது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இது வேறு.

மார்லிஸ் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அயோவா மாநில உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டிக்கு ஒரு வரலாறு எழுதித் தரச் சொல்லி மாநிலச் சங்கம் அவளிடம் கேட்டு ஒன்பது வருடம் ஆகிறது. எந்த வருடம் யார் ஜெயித்தார்கள், எந்த வருடம் மழையில் மூன்று நாள் தள்ளிப்போனது, எந்த ஊர்ப் பேருந்து வழியில் நின்று பையன்கள் சோளக்காட்டு நடுவே உடை மாற்றிக்கொண்டு லாரியில் வந்து இறங்கினார்கள், எல்லாம் அவள் வீட்டில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி இருந்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு அத்தியாயம்தான் பாக்கி. 1972 இறுதி ஆட்டம். அதன் கடைசி அவுட். அந்த அவுட்டைச் செய்தவர் வெர்லின், அன்றைக்குப் பந்தடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்து பிடித்த கேட்சர்.

வெர்லினின் ஊரான கிளென்ஹோமுக்கு அந்த ஒரு கோப்பைதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆட்டம் ஏழாவது இன்னிங்ஸின் கடைசிக்கு வந்திருந்தது. கிளென்ஹோம் மூன்று ரன், பக்கத்து ஊரான டோவர் மில் இரண்டு ரன். டோவர் மில்லுக்கு இன்னும் ஒரு அவுட்தான் மிச்சம். ஓடுபவன் சுற்றிவர வேண்டிய நிலைகளில் இரண்டாவதில், இரண்டாவது பேஸில், டோவர் மில்லின் டுவேன் ஹேவர்காம்ப் நின்றிருந்தான். அவன் ஓடிவந்து ஹோம் பிளேட்டை, தரையோடு பதித்த அந்த ஐந்துமூலை வெள்ளை ரப்பரை, தொட்டுவிட்டால் ஆட்டம் சமன். அதற்குள் கேட்சர் பந்தைக் கையில் வைத்து அவனைத் தொட்டால் அவன் அவுட்; பந்து நழுவினால் அவுட் இல்லை. பந்து இடதுபக்கப் புல்லுக்குப் பறந்தது. டுவேன் தலையைக் குனிந்துகொண்டு ஓடி வந்தான். புல்லிலிருந்து எறியப்பட்ட பந்து ஒரே ஒரு துள்ளு துள்ளி வெர்லினின் கையுறைக்குள் விழுந்தது. அடுத்த நொடி எண்பது கிலோ டுவேன் சறுக்கிக்கொண்டு வந்து அவன்மேல் மோதினான்.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். புழுதி எழும்பியது. புழுதி அடங்கியபோது வெர்லின் கையுறையைத் தூக்கிக் காட்டினான், உள்ளே பந்து இருந்தது. அம்பயர் முஷ்டியை மடக்கி "அவுட்!" என்று கத்தினார். டுவேன் மண்டியிட்டு இரண்டு கையாலும் தரையை அடித்து, "நான் சேஃப்! நான் சேஃப்!" என்று, தான் அவுட் இல்லை என்று, அலறினான்.

எல்லாருக்கும் தெரியாதது ஒன்று இருந்தது. மோதிய வேகத்தில் பந்து கையுறையை விட்டு வெளியே வந்து வெர்லினின் வயிற்றுக்கு அடியில் உருண்டது. அவன் அதன்மேல் கவிழ்ந்து விழுந்தான். புழுதிக்குள் வலது கையால் துழாவி எடுத்துக் கையுறைக்குள் திணித்தான். யோசித்துச் செய்ததல்ல. மேசையிலிருந்து விழும் கோப்பையைப் பிடிக்க கை எப்படிப் போகுமோ அப்படிப் போனது. ஆனால் அதற்குப் பிறகு கையுறையை உயர்த்திக் காட்டியது யோசித்துச் செய்தது. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவனைத் தீயணைப்பு வண்டியின் மேல் ஏற்றி ஊரைச் சுற்றி வந்தார்கள். பூட்டு என்று பெயர் வைத்தார்கள். அவனைத் தாண்டி எதுவும் போகாதாம். உணவு விடுதியின் சுவரில் அவன் கையுறையைத் தூக்கி நிற்கும் படம் மாட்டப்பட்டது. விடுதி மூன்று முதலாளிகள் கைமாறியும் படம் மட்டும் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறே அவன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். திரைக்கு அந்தப் பக்கம் பாதிரியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அம்பயர் என்ன சொன்னாரு?"

"அவுட்னு சொன்னாரு, ஃபாதர்."

"அவரே சொல்லிட்டாரு. நீ யாரு அவரை மறுத்துப் பேச? மூணு தடவை அருள் நிறைந்த மரியே சொல்லு. என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும், வேற யார்கிட்டயும் போய்ச் சொல்லிட்டு நிக்காத." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆட்டம் பிரமாதம்டா."

மூன்று முறை சொன்னான். மனத்தின் பாரம் ஒன்றும் குறையவில்லை.

டோவர் மில்காரர்கள் மறக்கவில்லை. கொள்ளையடித்துவிட்டார்கள் என்று அந்த ஊரில் பால் குடிக்கும் குழந்தைகூடப் பேசியது. தொண்ணூற்றொன்றில் இரண்டு ஊரிலும் பிள்ளைகள் குறைந்து பள்ளிகளை ஒன்றாக்கப் பேச்சு வந்தபோது, கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பிளேட்டையே திருடின ஊரு, என் பிள்ளையோட சாப்பாட்டு டப்பாவை விட்டு வெப்பாங்களா?" என்று கேட்டார். வெர்லின் கடைசி வரிசையில் தொப்பியை முட்டியில் வைத்து உட்கார்ந்திருந்தார். புதுப் பள்ளிக்கு எந்த ஊரின் பெயரை முதலில் வைப்பது என்று நான்கு மாதம் அடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு ஊருக்கும் நடுவில் ஓடுகிற ஓடையின் பெயரை வைத்தார்கள்.

வெர்லின் முப்பத்தெட்டு வருடம் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் எடைமேடை பார்த்தார். அவர் சொன்ன எடையை யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. டோவர் மில் விவசாயிகள்கூட லாரியை அவரிடம்தான் கொண்டுவந்து நிறுத்துவார்கள். டுவேன் ஹேவர்காம்பும் வருவார். ஜன்னல் வழியே சீட்டை நீட்டும்போது இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் ஐம்பது வருடத்தில் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் மத்தியானம் மார்லிஸ் ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக் ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்து இறங்கினாள். மேசையில் காகிதங்களைப் பரப்பி, கைபேசியைப் பதிவுக்கு வைத்தாள்.

"நீங்க வழக்கமா சொல்ற மாதிரியே சொல்லுங்க, வெர்லின். நான் குறுக்க பேச மாட்டேன்."

வெர்லின் ஆரம்பித்தார். நூறு முறை சொன்ன கதை, வாய் தானாகப் போனது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆர்டித்தின் உதடுகளும் கூடவே அசைந்தன. காற்று எந்தப் பக்கம் அடித்தது, இடதுபக்கத்துப் பையன் எப்படி எறிந்தான், டுவேன் எருமை மாதிரி எப்படி வந்தான். "எப்பேர்ப்பட்ட இடி தெரியுமா? ஆனா பந்து பாருங்க, பசை போட்ட மாதிரி அப்படியே..."

அப்போதுதான் மார்லிஸின் காகிதம் கண்ணில் பட்டது. டோவர் மில் தரப்பு என்று தலைப்பிட்ட பக்கம். அதில் பயிற்சியாளர் சொன்னது ஒரு பத்தி, ஊர்க்காரர்கள் சொன்னது இரண்டு பத்தி. கடைசியில் டுவேன் ஹேவர்காம்ப் என்ற பெயருக்கு நேரே ஒரே ஒரு வரி: அதைக் கேட்சரிடம் கேளுங்கள்.

"அவ்வளவுதான் சொன்னானா?"

"யாரு, டுவேனா? அவ்வளவுதான். அஞ்சு தடவை போயிட்டேன். அஞ்சு தடவையும் அதே பதில். மக்காச்சோளம் குடுத்து அனுப்பிடுவாரு."

அப்படியானால் அவன் பார்த்திருக்கிறான். தரையில் கிடந்தபடி, முகத்துக்கு நேரே, பந்து வெளியே வந்ததைப் பார்த்திருக்கிறான். பார்த்தும் ஐம்பது வருடமாக ஒருவரிடமும் சொல்லாமல், இதோ, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்கிறான்.

"அந்த மெஷினை நிறுத்து, மார்லிஸ்."

நிறுத்தினாள்.

"பந்து கீழ விழுந்துடுச்சு."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டித் அதை மூடினாள்.

"விழுந்துடுச்சு. நான் எடுத்து உள்ள வெச்சேன். அம்பயர் அந்தப் பக்கம் நின்னாரு, அவருக்குத் தெரியல. அவன் சேஃப். அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அவன் சேஃப்தான்."

மார்லிஸ் பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். ஆர்டித் ஈரக் கையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நாப்பத்திநாலு வருஷம்," என்றாள். "என் தங்கச்சி கல்யாணத்துல இதே கதையைச் சொல்லி எங்கப்பாவை அழ வெச்சியே!"

"தெரியும்."

"ஜூலை மாசம் வந்தாலே உனக்கு மூஞ்சி சுருங்கிடும். பதினஞ்சு நாளைக்கு யார்கிட்டயும் பேச்சில்ல. இதுக்குத்தானா?"

"இதுக்குத்தான்."

"நீ அந்த லவோனை நினைச்சிட்டு இருக்கியோன்னு இல்ல நான் நினைச்சேன்!"

"எந்த லவோன்?"

"எந்த லவோனா? தீயணைப்பு வண்டியில உன் தோளைப் பிடிச்சிட்டு நின்னாளே, போட்டோல இருக்காளே!"

வெர்லின் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அது நம்ம டீம்ல பந்து எறிஞ்ச பிட்சரோட அக்கா இல்லையோ?"

ஆர்டித் நாற்காலியில் சாய்ந்து மேற்கூரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் இருந்தது; பல வருடம் தூக்கிச் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவளின் தெளிவும் இருந்தது. ஒரு துண்டு கேக்கை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "தின்னு. தின்னுட்டுக் கிளம்பு. புத்தகத்துல வர்றதுக்கு முன்னாடி அவன்கிட்ட நீயே போய்ச் சொல்லணும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்," என்றாள் மார்லிஸ், காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டே. "அதுக்கு மேல என்னால முடியாது."

டோவர் மில் பதினொரு மைல். அந்தப் பாதையை அவர் அவ்வளவு மெதுவாக ஓட்டியதே இல்லை. பின்னால் ஒரு டிராக்டர் வந்து ஒலி எழுப்பி முந்திக்கொண்டு போனது.

டுவேன் வீட்டுக்கு முன்னால் லாரியின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துப் பறித்த சோளத்தை டஜன் டஜனாகச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் முன்பைவிட அகலமாகியிருந்தார். வெர்லின் இறங்குவதைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"வா, கோபெக்கி. எத்தனை டஜன்?"

"சோளத்துக்கு வரல."

"அப்ப கிடங்குல யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல." வெர்லின் தொப்பியைக் கழற்றினார். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. "டுவேன், பந்து என் கையில இல்ல. விழுந்துடுச்சு. உன்மேல படறப்பவே வெளிய வந்துடுச்சு. நான் எடுத்து உள்ள வெச்சு ஏமாத்திட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

டுவேனின் கையில் ஒரு சோளக்கதிர் இருந்தது. அதைச் சாக்கில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"நீ... என்ன?"

"உனக்குத்தான் தெரியுமே. பார்த்திருப்பியே. கேட்சரைக் கேளுங்கன்னு சொன்னியாமே."

"நான் எதையும் பார்க்கல," என்றார் டுவேன். "கண்ணு முழுக்க மண்ணு."

லாரியின் விளிம்பில் உட்கார்ந்தார். தன் கையிலிருந்த கதிரையே வெகுநேரம் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று வெர்லின் நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்ற இடத்திலேயே நின்றார். டுவேனின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரா என்று கிட்டே போனால், சிரிப்பு. சத்தமே வராத சிரிப்பு.

"நான் பிளேட்டைத் தொடல, கோபெக்கி."

"என்னது?"

"தொடவே இல்ல. அரை அடி தள்ளிப் போயிடுச்சு என் கால். சறுக்கறப்பவே தெரிஞ்சுது. திரும்பிக் கை நீட்டித் தொட்டுடலாம்னு பார்த்தேன், அதுக்குள்ள அந்தாளு அவுட்னுட்டாரு."

"அப்புறம் ஏன்யா அந்தக் கத்து கத்தின?"

"கத்தலைன்னா கேப்பாங்களே! ஏண்டா தொட்டியான்னு கேப்பாங்களே! கத்தினா யாரும் கேக்க மாட்டாங்க. கேக்கவே இல்ல, பார்த்தியா? ஐம்பது வருஷமா ஒருத்தன் கேக்கல. எல்லாரும் எனக்காகக் கத்திட்டு இருந்தாங்க." டுவேன் புறங்கையால் கண்ணைத் துடைத்தார். "மார்லிஸ் ஒருத்திதான் கேட்டா. மறுபடியும் ஒரு பொய் சொல்ல எனக்கு மனசு வரல. அதான் உன்கிட்ட அனுப்பினேன்."

வெர்லின் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். லாரியின் விளிம்பில் டுவேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாலையில் ஒரு கார் வந்து நின்றது. ஒரு அம்மாள் இரண்டு டஜன் வாங்கிப் போனாள்.

"அப்ப ஜெயிச்சது யாரு?" என்றார் வெர்லின்.

"அதான் நானும் யோசிக்கிறேன். பந்து உன்கிட்ட இல்ல. நான் பிளேட்டைத் தொடல. ஆட்டம் முடியவே இல்லையே!"

"நான் பந்தை எடுத்து உன்மேல வெச்சிருப்பேன்."

"வெச்சிருப்ப! அதுக்குள்ள நான் தொட்டிருப்பேன்."

"நீயா? நீ கவுந்த ஆமை மாதிரி கிடந்த."

"நீ மட்டும்? வயித்துக்கடியில பந்தை வெச்சு அடை காத்துட்டு இருந்த."

வெர்லின் எழுந்தார். "எங்க, காட்டு. எவ்வளவு தூரம்?"

இரண்டு பேரும் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று பின்னால் அவர்களுக்கே விளங்கவில்லை. ஒரு வெற்றுச் சாக்கைத் தரையில் மடித்துப் போட்டார்கள். டுவேன் அதற்கு அரை அடி தள்ளி மெதுவாக, கையூன்றி, முனகிக்கொண்டே படுத்தார். வெர்லின் ஒரு சோளக்கதிரை நெஞ்சுக்கடியில் வைத்துக் கவிழ்ந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று டுவேன்தான் எண்ணினார். வெர்லின் கதிரைத் துழாவினார். அது உருண்டு அவர் இடுப்புப் பக்கம் போய்விட்டது. டுவேன் கையை நீட்டினார். தோள் பாதிவழியில் பிடித்துக்கொண்டது.

"அய்யோ, அம்மா, இரு, இரு..."

"உன்னால முடியாதுன்னு சொன்னேன்ல?"

"நீ மட்டும் எடுத்துட்டியா? டேய், எங்கடா சோளம்?"

"காணோம்டா."

எழுந்திருக்கவும் முடியவில்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழப் பார்த்து, சிரிப்பில் மறுபடி விழுந்து, கடைசியில் லாரிச் சக்கரத்தைப் பிடித்து எழுந்தார்கள். அந்த நேரம் அந்தச் சாலையில் யாரும் வராதது அவர்கள் அதிர்ஷ்டம்.

தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது டுவேனின் முகம் மாறியது.

"எங்கப்பா வருஷா வருஷம் சங்கத்துக்குக் கடிதம் எழுதினாரு. பதினேழு கடிதம். என் பையன் சேஃப்னு. சாகற வருஷம்கூட எழுதினாரு. நான்தான் தபால்ல போட்டேன். அதுதான்யா எனக்கு... மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். ஆனா அந்த மனுஷனை நான் பதினேழு வருஷம் எழுத வெச்சேன்."

வெர்லின் கீழே கிடந்த சாக்கை எடுத்து உதறி மடித்துக் கொடுத்தார். நான்கு டஜன் சோளம் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினார்.

அன்று சாயங்காலமே இருவரும் அவரவர் வீட்டிலிருந்து மார்லிஸைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். தொலைபேசியில் காகிதம் கிழிபடும் சத்தம் கேட்டது. "நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன்," என்றாள். "நாலும் போச்சு. பரவால்ல. இந்தப் போட்டியைப் பத்தி இவ்வளவு நல்ல விஷயம் எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல." சங்கத்தின் தலைவரிடம் கேட்டாள். அம்பயர் சொன்னதுதான் தீர்ப்பு, கோப்பை இருக்கிற இடத்திலேயே இருக்கும், ஆனால் இருவர் சொன்னதையும் அப்படியே போடலாம் என்றார்.

கிளென்ஹோமின் பழைய பிட்சர் மெர்ல் ஸ்டோடோலாவுக்கு வெர்லினே போன் செய்து சொன்னார். மெர்ல் அரை நிமிடம் திட்டினார்.

"நான் செத்ததுக்கப்புறம் சொல்லியிருக்கக் கூடாதா நீ? மெடலைத் திருப்பிக் கேக்கறாங்களா?"

"இல்ல, வெச்சுக்கலாமாம்."

"அப்ப சரி. ஏன்னா அது எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியாது."

எல்லாரும் அப்படி இல்லை. உணவு விடுதியில் இரண்டு பேர் வெர்லினைப் பார்த்ததும் வேறு மேசைக்குப் போனார்கள். ஒரு வாரம் கழித்து அதில் ஒருவர் திரும்பி வந்து, "அந்தச் சோளம் கதை நிஜமா?" என்று கேட்டார். அதோடு சரியாகிவிட்டது. சுவரில் படம் அப்படியே இருந்தது. அதன் கீழே யாரோ பேனாவால் ஒரு சிறிய கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

டுவேனைத் தேடி மார்லிஸ் ஆறாவது முறையாகப் போனாள், இந்த முறை ஒரு செருப்புப் பெட்டியோடு. சங்கத்தின் கோப்பிலிருந்த அவர் அப்பாவின் பதினேழு கடிதங்களும் அதில் இருந்தன. டுவேன் வாங்க மறுத்தார். "எனக்கு வேண்டாம். என்னால படிக்க முடியாது," என்றார். மார்லிஸ் விடாமல் ஆறாவது கடிதத்தை எடுத்து அவளே வாசித்தாள்.

முதல் ஐந்தில்தான் அந்த அவுட் இருந்தது. ஆறாவதில் ஒரு வரியோடு முடிந்துபோனது. மீதியெல்லாம் வேறு. இறுதி ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர் போதாது, நான்கு பேர் வேண்டும், பையன்களின் உழைப்பை ஒரே ஒரு மனிதனின் கண்ணில் தொங்கவிடக் கூடாது. மூன்றாவது பேஸ் பக்கம் உட்காரும் தாய்மார்களுக்கு நிழல் இல்லை. குடிதண்ணீர்க் குழாய் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சூடாக வருகிறது. கடைசிக் கடிதத்தில் டுவேனின் பெயரே இல்லை. கூரை போட்டதற்கு நன்றி, இந்த வருடம் என் மனைவி ஏழு இன்னிங்ஸும் உட்கார்ந்து பார்த்தாள் என்று எழுதியிருந்தார்.

"நாலு அம்பயர் எழுபத்தெட்டுல வந்தாங்க," என்றாள் மார்லிஸ். "கூரை எண்பத்தெட்டுல. சங்கத்தோட கூட்டக் குறிப்புல உங்கப்பா பேரு எழுதியிருக்கு, டுவேன். நான் தனி அத்தியாயமே வெச்சிருக்கேன். இது உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

டுவேனுக்குத் தெரியாது. அன்று அவர் வெர்லினுக்குப் போன் செய்து எல்லாக் கடிதத்தையும் ஒன்றுவிடாமல் படித்துக் காட்டினார். வெர்லின் காது சூடாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். "கிழவர் சந்தோஷமாத்தான்டா இருந்திருக்காரு," என்று டுவேன் இரண்டு முறை சொன்னார். "சண்டை போடறதுக்கு நல்லா ஒரு வேலை கிடைச்சுது அவருக்கு."

ஜூலைக் கடைசியில், ஐம்பது வருடம் முன்பு ஜெயித்த அணியை மைதானத்துக்கு அழைத்துக் கைதட்டும் வழக்கப்படி, கிளென்ஹோம் ஆட்களைக் கூப்பிட்டார்கள். மார்லிஸ் சொல்லி இந்த முறை தோற்ற அணியையும் கூப்பிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவர்கள் கிளென்ஹோமில் பதினொரு பேர், டோவர் மில்லில் ஒன்பது பேர். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, கொளுத்துகிற வெயிலில், ஊன்றுகோல்களும் தொந்திகளுமாக வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கியில் பெயர் படித்தவர் வெர்லினின் பெயரில் கொஞ்சம் தயங்கினார். டோவர் மில் பக்கமிருந்து ஒருவர், "பந்து எங்கய்யா?" என்று கத்தினார். மைதானமே சிரித்தது. வெர்லின் இரண்டு கையையும் விரித்து, வெறுங்கை என்று காட்டினார். சிரிப்பு கைதட்டலானது. வரிசை நகர்ந்து ஒவ்வொருவரும் கை கொடுத்துக்கொண்டபோது டுவேன் அவர் கையை விடாமல், "தொப்பியைப் போடுடா, மண்டை வெந்துடும்," என்றார்.

எழுபத்திரண்டுக்குப் பிறகு அன்றுவரை வெர்லின் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. அழைப்பு வரும் வருடமெல்லாம் இடுப்பு வலி, அறுவடை, ஏதாவது ஒரு காரணம். ஒருமுறை மகன் கூட்டிப்போக டிக்கெட்டே வாங்கி வந்தும் போகவில்லை. வீட்டில் வானொலியில் ஆட்டம் ஓடினாலும் கேட்சரின் பெயர் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார்.

மூன்றாவது பேஸ் பக்கம் கூரைக்குக் கீழே ஆர்டித் இடம் பிடித்து வைத்திருந்தாள். உள்ளங்கையைவிடப் பெரிய பன்றியிறைச்சி வறுவலை ரொட்டிக்குள் வைத்து ஆளுக்கொன்று வாங்கினார்கள். அடுத்த ஆட்டம் தொடங்கியது. யாரென்றே தெரியாத இரண்டு ஊர்ப் பையன்கள். வெர்லின் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். இடதுபக்கப் புல்லில் நின்ற பையன் சலிப்பில் ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டான். இரண்டாவது பேஸ் பையனின் காலணிக் கயிறு அவிழ்ந்திருந்தது. பிட்சர் ஒவ்வொரு முறை எறிவதற்கு முன்பும் யாரோ பக்கத்தில் நிற்பதுபோல ஏதோ சொல்லிக்கொண்டான். இவற்றையெல்லாம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

"மூணு இன்னிங்ஸ் பார்த்துட்டுக் கிளம்பலாம்னு சொன்னியே," என்றாள் ஆர்டித் ஐந்தாவது இன்னிங்ஸில்.

"சொன்னேன்," என்றார் வெர்லின், களத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கப்புறம் இன்னொரு ஆட்டம் இருக்காமே?"